முகங்களுக்குப் பின்னால் ஒரு தெரு: பழைய புகைப்படங்களைக் கொண்டு புறநகர் வரலாறு தொகுக்கும் முறை

பெருநகரங்களின் மையப் பகுதிக்குப் பழைய படங்கள் பஞ்சமில்லை. கோட்டை, நீதிமன்றம், பெரிய கடைத்தெரு என்று தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போனார்கள். அஞ்சலட்டை அச்சிட்டவர்களும் அவற்றைத்தான் விற்றார்கள். புறநகருக்கு அப்படி யாரும் வரவில்லை. வயலோ தோப்போ வெட்டவெளியோ மனைகளாகப் பிரிந்து, நாலு வீடு எழும்பி, ஒரு மண்சாலை விழுந்தபோது அதைப் படமெடுக்கத் தகுந்த காட்சியாக எவரும் நினைக்கவில்லை. குடிவந்தவர்கள் எடுத்ததெல்லாம் தங்கள் குழந்தைகளை, புதிதாக வாங்கிய வண்டியை, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை. தெரு தற்செயலாகப் பின்னால் விழுந்தது.

அதனால் இந்த வேலையில் முதலில் பழக வேண்டியது, படத்தில் சிரிக்கிறவர்களை விட்டுவிட்டு அவர்கள் தோளுக்கு மேலே பார்ப்பது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்தப் பின்னணியைப் பத்திரமாகப் பிரதியெடுத்து, தேதியும் இடமும் நிறுவி, அடுத்தவர் நம்பக்கூடிய விதத்தில் எழுதிவைப்பதற்காகத்தான்.

எல்லையைச் சின்னதாகப் போடுங்கள்

முதல் முறை இறங்குபவர்கள் ஊர் முழுவதையும் எடுத்துக்கொண்டு திணறுவார்கள். நடந்து சுற்றிவர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாத பகுதி போதும். ரயில் நிலையத்தின் ஒரு பக்கம், அல்லது ஒரே மனைப்பிரிவில் அடங்கும் ஏழெட்டுத் தெருக்கள். கால எல்லையை முதல் மனை விற்ற ஆண்டிலிருந்து ஏறக்குறைய 2010 வரை வையுங்கள். அந்தக் கடைசிப் பத்தாண்டைப் ‘பழசு இல்லை’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2000-க்கும் 2010-க்கும் இடையில் எடுத்தவற்றில் பெரும்பகுதி அச்சாகவே இல்லை. குறுந்தகட்டிலும் செயலிழந்த கைப்பேசியிலும் கிடக்கிறது. 1960-களின் கறுப்பு வெள்ளை அச்சு இன்னும் ஐம்பது ஆண்டு தாங்கும், இவை தாங்காது. ஆகவே கேட்கும்போது இவற்றையே முதலில் கேளுங்கள்.

படம் சேர்ப்பதற்கு முன் ஓர் அடிப்படை வரைபடம் வேண்டும். மனைப்பிரிவு வரைபடம், நில அளவை வரைபடம் எது கிடைத்தாலும் சரி. அத்துடன் வானிலிருந்து எடுத்த படங்களைச் சேர்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை ஃபிலிமில் எடுத்த படங்கள் 1995-இல் பொதுப் பார்வைக்கு விடப்பட்டன. அந்நாட்டுப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில் தேடலாம். அவற்றில் பிற்காலத்தவை சுமார் 2 மீட்டர் அளவுள்ள பொருளைப் பிரித்துக் காட்டும். தனி வீடு, கிணற்றடி, வண்டிப்பாதை எல்லாம் தெரியும். 1972-இல் தொடங்கிய லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசையில் ஆரம்பப் படங்கள் ஏறக்குறைய 80 மீட்டர் அளவு. அவற்றில் வீடு தெரியாது, குடியிருப்பு எந்தப் பக்கம் பரவியது என்பது மட்டும் தெரியும். 1984-க்குப் பின் அது 30 மீட்டரானது. கூகுள் எர்த் மென்பொருளின் பழைய படங்கள் பகுதி 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளுக்குப் போதும். ஒரு வீடு ஒரு வான்படத்தில் இல்லாமல் அடுத்ததில் இருந்தால், அந்த வீடு தெரியும் எல்லாப் படத்துக்கும் ஒரு முன்னெல்லை, அதாவது அதற்கு முன்னால் எடுத்திருக்க முடியாத ஒரு தேதி, தானாகக் கிடைத்துவிடுகிறது.

கேட்கும் விதம்

‘நம் பகுதியின் பழைய படம் இருக்கிறதா’ என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் இல்லை என்பார்கள். பொய் சொல்லவில்லை; தங்களிடம் இருப்பது குடும்பப் படம் என்றே நினைக்கிறார்கள். குறிப்பாகக் கேளுங்கள். வீடு கட்டும்போது எடுத்தது, மொட்டை மாடியில் எடுத்தது, முதல் வண்டியோடு வாசலில் நின்றது, வெள்ளம் வந்தபோது எடுத்தது, பள்ளிக் குழுப்படம், தெருவில் விளையாடும் பிள்ளைகள், ஊர்வலம். மொட்டை மாடிப் படங்கள்தான் தங்கம். மாடி வீடு அரிதாக இருந்த காலத்தில் எடுத்த ஒரு படத்தில் நாலு தெருவின் கூரைகள் தெரியும்.

ஆல்பத்தில் ஒட்டியவற்றோடு நின்றுவிடாமல், ஒட்டாமல் ஒதுக்கியதையும் கேளுங்கள். முகம் அசங்கியதால், கண் மூடியதால் ஒதுக்கிய அச்சில் பின்னணி கூர்மையாக இருக்கலாம். நெகட்டிவ் உறை இருந்தால் இன்னும் நல்லது. 36 படச் சுருளில் அச்சுப் போட்டது பாதிகூட இருக்காது.

அச்சுகளை வீட்டுக்கு எடுத்துப்போகாமல், ஸ்கேனரையும் மடிக்கணினியையும் உரியவர் வீட்டுக்கே கொண்டுபோவது பாதுகாப்பு. தொலைந்துபோன ஒரு படம் அந்தத் தெருவின் மற்ற ஆல்பங்களையும் மூடிவிடும். எடுத்துப்போயே ஆக வேண்டுமென்றால் எண்ணிக்கை, திருப்பித் தரும் நாள் இரண்டும் எழுதிக் கையெழுத்திட்ட சீட்டைக் கொடுத்துவிட்டு எடுங்கள்.

அதே சந்திப்பில் ஒரு பக்க ஒப்புதல் தாளையும் முடித்துவிட வேண்டும். அதில் நாலு கேள்வி: பிரதி எடுக்கலாமா, கண்காட்சியில் வைக்கலாமா, இணையத்தில் போடலாமா, கொடுத்தவர் பெயரைச் சொல்லலாமா. நாலுக்கும் தனித்தனியாக ஆம், இல்லை என்று இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே வரியில் கேட்டால் இணையத்துக்குத் தயங்குகிறவர் பிரதிக்கும் மறுத்துவிடுவார்.

எண் போடுவது

ஸ்கேனர் விளக்கு எரியும் முன்பே எண் முறை தயாராக இருக்க வேண்டும். மூன்று பகுதி போதும்: கொடுத்தவர் எண், படத்தின் எண், பக்கம். 012-0045-1 என்றால் பன்னிரண்டாவது குடும்பம் கொடுத்த நாற்பத்தைந்தாவது படத்தின் முன்பக்கம். 012-0045-2 அதன் பின்பக்கம். கோப்பின் பெயரில் ஆண்டையோ இடத்தையோ எழுதாதீர்கள். அவை மாறும். 1968 என்று பெயர் வைத்த கோப்பு 1974 என்று தெரிந்த பிறகும் பழைய பெயரிலேயே நாலு பேர் கணினியில் சுற்றிக்கொண்டிருக்கும்.

அச்சின் பின்னால் எண் எழுத நேர்ந்தால் பழைய நார்த்தாள் அச்சில் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதலாம். 1970-களுக்குப் பிந்தைய பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது. அங்கே உறையில் மட்டும் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா இரண்டிலும் கூடாது; அழுத்தம் முன்பக்கம் வரி வரியாகத் தெரியும், மை பக்கத்துப் படத்தில் ஒட்டும்.

கையாள்வதும் ஸ்கேன் செய்வதும்

கையைக் கழுவி நன்றாக உலர்த்திவிட்டு, அச்சை ஓரத்தில் பிடியுங்கள். நெகட்டிவுக்கு மட்டும் கையுறை போடுங்கள். ஒட்டும் பரப்பும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பத்தில் படம் சிக்கியிருந்தால் முதலில் பக்கத்தை முழுதாக ஒருமுறை படமெடுங்கள். வரிசையும் பக்கத்தில் எழுதியதும் சான்று. பிறகு மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை அச்சுக்கும் தாளுக்கும் நடுவில் அறுப்பதுபோல மெதுவாக நகர்த்திப் பாருங்கள். வரவில்லை என்றால் விட்டுவிட்டு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். சட்டகக் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் படலம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள்.

ஃபிலிம் பெட்டியைத் திறந்ததும் புளித்த காடி வாசனை வந்தால் அது அசிட்டேட் ஃபிலிம் சிதைவது. தொற்றும். அதைத் தனியே பிரித்து முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய ஃபிலிம், ஓரத்தில் ‘சேஃப்டி’ என்ற சொல் இல்லாமல், மஞ்சள் பூத்துப் பிசுபிசுத்தால் நைட்ரேட்டாக இருக்கலாம். எளிதில் தீப்பற்றும் பொருள் அது. வீட்டில் வைத்து வேலை பார்க்காமல் ஆவணக்காப்பகம் ஒன்றைக் கேளுங்கள்.

இனி அமைப்புகள். 4×6 அங்குல அச்சுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு). 2400×3600 பிக்சல் கிடைக்கும், 24 பிட் வண்ணத்தில் டிஃப் (படத்தைச் சுருக்காமல் சேமிக்கும் வடிவம்) கோப்பு சுமார் 26 எம்பி. 500 படத்துக்கு 13 ஜிபி; இன்றைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 6×9 சென்டிமீட்டர் போன்ற சின்ன அச்சுக்கு 1200 டிபிஐ. பெட்டிக் கேமரா காலத்தில் நெகட்டிவின் அளவிலேயே ஒட்டி அச்சிட்டதால் இவற்றில் நுணுக்கம் அதிகம். எதிர்வீட்டுக் கதவெண்ணைக்கூடப் படிக்க முடிவதுண்டு. 35 மில்லிமீட்டர் நெகட்டிவுக்கு 3200 டிபிஐ; வெறும் 24×36 மில்லிமீட்டர் பரப்பில் முழுப் படமும் இருக்கிறது. அச்சும் நெகட்டிவும் இரண்டும் இருந்தால் நெகட்டிவையே எடுங்கள். அச்சில் ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கும், நமக்கு வேண்டிய கடைப்பலகை பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பேறியது, கறை, ஊதா முத்திரை எல்லாம் பின்னால் தேதி சொல்லும். படத்தைச் சுற்றி அரை சென்டிமீட்டர் வெளி விட்டு, வெள்ளை ஓரம் முழுதும் விழ வேண்டும். தானாகக் கூர்மையாக்குவது, தானாக நிறம் திருத்துவது, தூசு நீக்குவது மூன்றையும் அணைத்துவிடுங்கள். அகச்சிவப்புக் கதிரால் தூசு நீக்கும் வசதி வெள்ளித் துகளாலான கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வேலை செய்யாது. வெள்ளியையே தூசு என்று நினைத்து உருவத்தைக் கெடுக்கும். செய்தித்தாளில் வந்த படத்தில் அலை அலையாகக் கோடு விழுந்தால் அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனரின் புள்ளிகளும் மோதுவதுதான் காரணம். புள்ளிநீக்கும் (டீஸ்கிரீன்) அமைப்பைப் போடுங்கள், அல்லது கோணத்தைச் சற்று மாற்றி அதிக டிபிஐயில் எடுத்துப் பிறகு சுருக்குங்கள்.

பின்பக்கம் வெறுமையாகத் தெரிந்தாலும் ஸ்கேன் செய்யுங்கள். முன்னும் பின்னுமாக ஒரு மணி நேரத்தில் இருபது படத்துக்கு மேல் ஓட்ட நினைத்தால் எண் குழம்பும்.

ஸ்கேனர் இல்லாவிட்டால் கைப்பேசியும் உதவும். 4×6 அச்சு சட்டம் நிறைய விழுந்தால் 12 மெகாபிக்சல் கேமரா ஏறக்குறைய 600 டிபிஐக்குச் சமமான நுணுக்கம் தரும். ஃபிளாஷ் கூடாது; வெயில் நேரே விழாத சன்னல் ஒளி பக்கவாட்டில் வரட்டும்; கைப்பேசி அச்சுக்கு இணையாக இருக்கட்டும். சரிவாகப் பிடித்தால் கட்டடங்களின் கோடுகள் கோணி, இடம் கண்டுபிடிக்கும் வேலை பின்னால் பொய்த்துப்போகும்.

முடிந்ததும் மூன்று பிரதி: இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில், அதில் ஒன்று வேறு வீட்டில். அச்சுகளைத் திருப்பித் தரும்போது பிவிசி உறை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது ஆவி விட்டுப் படத்தைக் கெடுக்கும். பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன், அமிலமற்ற தாள் மூன்றும் நல்லவை.

தேதி: தாள் சொல்வது

தேதி நிறுவுவதில் ஒரே ஓர் ஒழுக்கம் உண்டு. ஒவ்வொரு சான்றும் ‘இதற்கு முன்னால் இருக்க முடியாது’ என்றோ ‘இதற்குப் பின்னால் இருக்க முடியாது’ என்றோதான் சொல்லும். ஆண்டை நேரே சொல்வது அபூர்வம். இரண்டு எல்லைகளையும் தனித்தனியே எழுதி நெருக்கிக்கொண்டே வாருங்கள்.

மெல்லிய தாள், கெட்டி அட்டையில் ஒட்டியது, மஞ்சள் பூத்து நுண்வெடிப்பு விட்டது என்றால் முட்டை வெண்கருத் தாள். 1850-இல் அறிமுகமாகி அந்த நூற்றாண்டின் இறுதியில் மறைந்தது. கறுத்த பகுதிகளில் சாய்த்துப் பார்த்தால் நீலவெள்ளிப் பளபளப்பு தெரிவது வெள்ளி ஜெலட்டின் அச்சு. 1890-களிலிருந்து வண்ணப்படம் பரவும் வரை கறுப்பு வெள்ளையில் பெரும்பாலும் இதுதான். பிளாஸ்டிக் பூச்சுத் தாள் வண்ணத்தில் 1960-களின் இறுதியிலும் கறுப்பு வெள்ளையில் 1970-களின் தொடக்கத்திலும் வந்தது. சிவப்பேறிப்போன வண்ண அச்சு என்றால் இருட்டிலேயே சியான் (பச்சைநீல) சாயம் மங்கியிருக்கிறது. 1960, 70-களின் அச்சுகளில் இது சாதாரணம். சிறிய சதுர வண்ண அச்சு 1963-இல் வந்த 126 உறை ஃபிலிமாக இருக்கலாம். 120 என்ற அகலச் சுருள் ஃபிலிமிலும் சதுரம் உண்டு என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம். அடியில் அகன்ற வெள்ளைப் பட்டையோடு தடித்த உடனடி வண்ணப் படம் 1972-க்குப் பின். அஞ்சலட்டையின் பின்பக்கம் முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு போட்டிருந்தால், பிரிட்டனில் 1902-க்கும் அமெரிக்காவில் 1907-க்கும் பிந்தையது.

இதெல்லாம் தாளின் வயது, காட்சியின் வயது அல்ல. 1950-இல் எடுத்ததை 1985-இல் மறு அச்சுப் போட்டிருக்கலாம். பழைய அச்சையே மறுபடி படமெடுத்திருந்தால் உள்ளே கிழிசலும் மடிப்பும் தெரியும், விரலால் தடவினால் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும்.

ஓரத்தில் அச்சிட்ட மாதமும் ஆண்டும் சுருளைக் கழுவிய காலம். எடுத்தது பல மாதம் முந்தியிருக்கலாம். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் விழுந்த எண்களை இன்னும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பேட்டரி மாற்றிய பின் தேதி வைக்காமல் விட்டால் கேமரா தொடக்கத் தேதிக்குப் போய்விடும். 4, 7 என்று இருந்தால் எது நாள், எது மாதம் என்பதும் தெரியாது.

தேதி: தெரு சொல்வது

தாளை விட நம்பகமான வழி, படங்களை ஒன்றோடு ஒன்று வரிசைப்படுத்துவது. ஒரு அட்டவணை போடுங்கள். இடது பக்கம் படங்களின் எண், மேலே தெருவின் அடையாளங்கள்: எதிர்வீட்டு மதில், மூலைவீட்டு இரண்டாவது மாடி, மின்கம்பம், நீர்த்தேக்கத் தொட்டி, தார் போட்ட சாலை, ஒரு குறிப்பிட்ட மரம். ஒவ்வொரு கட்டத்திலும் ‘இருக்கிறது’, ‘இல்லை’, ‘படத்தில் அந்த இடம் விழவில்லை’ என்று மூன்றில் ஒன்று. மூன்றாவதை விட்டுவிட்டு அதை ‘இல்லை’ என்று குறிப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. ஒரு கட்டம் அப்படித் தவறினால் முழு வரிசையும் புரண்டுவிடும்.

அடையாளமாகத் திரும்பாத மாற்றங்களையே எடுங்கள். மாடி கட்டினால் கட்டியதுதான். தார் போட்டால் மறுபடி மண்ணாவது அரிது. சுவரின் நிறம், கடைப்பெயர்ப் பலகை, கொடிகள் போய் வரும், அவை வரிசைக்கு உதவாது. பிறகு ‘இல்லை’ அதிகமுள்ள படத்திலிருந்து ‘இருக்கிறது’ அதிகமுள்ளதுவரை அடுக்குங்கள். ஒரே ஒரு படத்துக்கு ஆண்டு உறுதியாகத் தெரிந்தாலும் அதன் இருபுறமும் உள்ளவை முன், பின் என்று பிரிந்துவிடும்.

வண்டி மாதிரியின் அறிமுக ஆண்டு முன்னெல்லை மட்டுமே. முப்பது ஆண்டு ஓடும் வண்டிகள் உண்டு. தொலைக்காட்சி அலைவாங்கிகள் இன்னொரு வகையில் உதவும்: ஒரே ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்கி ஒரு பகுதியின் கூரைகளில் உள்ள எல்லாமே ஒரே திசையில் திரும்பியிருக்கும், ஆகவே படத்தில் எது எந்தத் திசை என்று தெரிந்துவிடும். தட்டு அலைவாங்கிகள் பூமத்திய ரேகைக்கு மேலுள்ள செயற்கைக்கோளைப் பார்ப்பவை. வட அரைக்கோளத்தில் அவை தெற்குப் பக்கமாகச் சாயும்.

நிழலையும் கேளுங்கள். நிழலின் நீளம் பொருளின் உயரத்துக்குச் சமமானால் சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கிறது. தெரு ஓடும் திசை வரைபடத்தில் தெரியும் என்பதால் நிழலின் திசையும் கிடைக்கும். இரண்டையும் சூரிய நிலை கணக்கிடும் மென்பொருளில் கொடுத்தால் நாளும் நேரமும் வரும். ஆனால் சூரியன் அதே இடத்துக்கு ஆண்டில் இரண்டு முறை வருவதால் இரண்டு விடை கிடைக்கும். எது சரி என்பதை மரத்தின் இலை, சேறு, ஆட்களின் உடை போன்றவற்றால்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேமரா நின்ற இடம்

எந்த இடம் என்று தேடும் முன் படம் இடவலம் மாறவில்லையே என்று பாருங்கள். நெகட்டிவைத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்தால் மாறிவிடும். பலகை எழுத்து இருந்தால் உடனே தெரியும். இல்லாவிட்டால் சட்டைப் பொத்தான் வரிசை, வண்டியின் சுக்கான் (ஸ்டீயரிங்) இருக்கும் பக்கம், கைக்கடிகாரம் ஆகியவற்றைப் பாருங்கள்.

இப்போது களத்துக்கு. முக்கியமான நுணுக்கம் இது: படத்தில் கிட்டத்தில் உள்ள ஒரு விளிம்பு, தூரத்தில் உள்ள ஒன்றை எங்கே மறைக்கிறது என்று தேடுங்கள். உதாரணமாக, மதில் முனை எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது சன்னலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே போய் அதே தொடுகை வரும் வரை பக்கவாட்டில் நகர்ந்தால், கேமரா ஒரு நேர்க்கோட்டின் மேல் எங்கோ நின்றது என்று தெரிகிறது. படத்தின் மறுபக்கத்தில் இன்னொரு சோடியைப் பிடியுங்கள். அந்தக் கோடும் முதல் கோடும் வெட்டும் புள்ளிதான் இடம். சோடியின் இரண்டு பொருட்களுக்கும் இடையே தூரம் அதிகமாக இருக்க வேண்டும். ஒரே சுவரில் உள்ள இரண்டு கதவுகள் பயன்படாது, எங்கிருந்து பார்த்தாலும் அவை கிட்டத்தட்ட அப்படியேதான் தெரியும்.

கண்ணால் ‘இங்கேதான்’ என்று முடிவு செய்வதை நம்பாதீர்கள், பத்துப் பதினைந்து மீட்டர் தவறுவது சர்வசாதாரணம். கைப்பேசியின் அகலக் கோணத்தில் காட்சி பொருந்தவில்லை என்று முன்னால் நடப்பதும் தவறு. பொருட்கள் ஒன்றையொன்று மறைக்கும் விதத்தைத் தீர்மானிப்பது நிற்கும் இடம் மட்டுமே. லென்ஸ் எவ்வளவு பரப்பு விழுகிறது என்பதைத்தான் மாற்றும். சரியான புள்ளியில் நின்று எடுத்து, பிறகு கத்தரியுங்கள்.

உயரமும் உண்டு. சமதரையில் அடிவானக் கோடு நிற்பவர்களின் உடலை எந்த உயரத்தில் வெட்டுகிறதோ அதுதான் கேமராவின் உயரம். சாலை ஓரம், மதில் உச்சி ஆகியவற்றை நீட்டினால் அவை கூடும் இடம் அடிவானம். பெட்டிக் கேமராவையும் இரட்டை லென்ஸ் கேமராவையும் மேலிருந்து குனிந்து பார்த்து எடுத்ததால் கோடு பெரும்பாலும் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில் விழும். நிமிர்ந்து நின்று மறுபடம் எடுத்தால் பொருந்தாது.

புறநகரில் இதோடு இன்னொரு சிக்கல் சேரும். மறுபடி மறுபடி போட்டதில் சாலை உயர்ந்திருக்கும். பழைய படத்தில் வாசலுக்கு மூன்று படி ஏற வேண்டும், இன்று ஒன்றுதான் தெரிகிறது என்றால், படி ஒன்றுக்குச் சுமார் 15 சென்டிமீட்டராகச் சாலை ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் மேலே வந்துவிட்டது. வெள்ளம் இப்போது ஏன் வீட்டுக்குள் வருகிறது என்று கேட்கும் குடியிருப்புக்கு இந்த ஒரு அளவு பெரிய சான்று. படிகளை எண்ணி எழுதுங்கள்.

கண்ட புள்ளியை வரைபடத்தில் குறித்து, கேமரா பார்த்த திசைக்கு ஒரு அம்புக்குறி போடுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையில் ஐந்து தசம இடம் போதும். அது சுமார் ஒரு மீட்டர். குறிப்பது கேமரா நின்ற இடத்தையா, படத்தில் தெரியும் பொருளையா என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து எல்லாப் படத்துக்கும் அதையே பின்பற்ற வேண்டும்.

பெரியவர்களிடம் பேசும்போது

படத்தைக் கைப்பேசியில் காட்டாதீர்கள். ஏ4 தாளில் பெரிதாக அச்சிட்டுக் கையில் கொடுங்கள். ‘இது எழுபதா?’ என்று கேட்டால் ஆமாம் என்றே பதில் வரும். ‘இதில் என்ன தெரிகிறது?’ என்று ஆரம்பித்து, யார் எடுத்தது, அவர் எங்கே நின்றார், எடுத்தவருக்குப் பின்னால் என்ன இருந்தது என்று போங்கள். கடைசிக் கேள்விதான் படத்தில் இல்லாத பாதித் தெருவைக் கொண்டுவரும்.

ஆண்டு யாருக்கும் நினைவிருக்காது. வாழ்க்கை வரிசை நினைவிருக்கும். இரண்டாவது மகள் பிறப்பதற்கு முன்பா, குழாய்த் தண்ணீர் வந்த பிறகா, பேருந்து இந்தப் பக்கம் திரும்பிய பிறகா என்று கேட்டு, அந்த நிகழ்ச்சியின் ஆண்டை வேறு ஆவணத்தில் பாருங்கள். முதல் சுற்றில் ஒவ்வொருவரையும் தனியே கேளுங்கள். கூட்டமாக உட்காரவைத்தால் உரத்த குரல் சொல்வதே எல்லாருடைய நினைவாகிவிடும். இரண்டாம் சுற்றில் சேர்த்து உட்காரவைக்கலாம், அப்போது வரும் சண்டை பயனுள்ளது.

குறிப்பு எழுதுவது

ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பத்தி தனித்தனியாக: படத்தில் கண்ணுக்குத் தெரிவது, ஒருவர் சொன்னது (யார், எப்போது), நீங்கள் ஊகித்தது (எதை வைத்து). ‘மூலைக் கடை, 1965’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் அதில் எது சான்று, எது கேள்விப்பட்டது என்று உங்களுக்கே ஆறு மாதத்தில் தெரியாது. தேதியை ‘1963-க்குப் பின், 1971-க்கு முன்’ என்று எழுதலாம். ‘சுமார் 1967’ என்று எழுதினால் அடுத்தவர் ‘சுமாரை’ விட்டுவிட்டு 1967 என்றே எடுத்தாள்வார்.

செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் தெளிவாக்குவதும் நிறம் ஏற்றுவதும் இப்போது சுலபம். சான்றுக்கு அவை ஆகாது. மங்கிய பலகையில் இல்லாத எழுத்தை அது தானே இட்டு நிரப்பும். தெரியாத முகத்துக்கு வேறொரு முகத்தைப் போடும். விளம்பரத் தாளுக்கு வேண்டுமானால் பயன்படுத்துங்கள், ‘நிறம் பின்னால் ஏற்றியது’ என்று படத்தின் மேலேயே எழுதி.

வெளியிடுவது

அச்சு யாரிடம் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று நினைப்பது பொதுவான தவறு. பல நாடுகளில் பதிப்புரிமை எடுத்தவருடையது, ஸ்டுடியோவுடையதாகவும் இருக்கலாம். பதிப்புரிமைக்கான பன்னாட்டு உடன்படிக்கையான பெர்ன் ஒப்பந்தம் புகைப்படத்துக்குக் குறைந்தது எடுத்த நாளிலிருந்து 25 ஆண்டு என்கிறது. பெரும்பாலான நாடுகளின் சட்டம் அதைவிட நீண்டது. உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். உயிரோடிருப்பவர்களின் வீட்டு உட்புறம், குழந்தைகள், துக்க நிகழ்ச்சி ஆகியவற்றைச் சட்டம் தடுக்காவிட்டாலும் கேட்காமல் போடாதீர்கள். பின்னணிக்காகத்தான் படம் என்றால் முகங்களை விட்டுக் கத்தரித்த ஒரு வடிவத்தைப் போடலாம். முழுப் படம் காப்பகத்தில் இருக்கட்டும்.

முதல் காட்சிக்கு முப்பது படம் போதும். தெருவில் நடக்கும் வரிசையிலேயே மாட்டுங்கள், கால வரிசையில் வேண்டாம். வருகிறவர் தம் வீட்டைத் தேடித்தான் வருவார். ஒவ்வொரு படத்தின் கீழும் அதன் எண்ணும், பக்கத்தில் கட்டித் தொங்கும் பென்சிலும், திருத்தம் எழுத வெற்றுச் சீட்டும் வையுங்கள். சீட்டில் படத்தின் எண், திருத்தம், எழுதியவர் பெயர், அவர் அங்கே குடியிருந்த ஆண்டுகள் என்று நாலு கோடு. அந்த நாலாவது கோடுதான் எடை போட உதவும். 1980-இல் குடிவந்தவர் 1970-களின் படத்தைப் பற்றிச் சொல்வது இன்னொருவரிடம் கேட்டதாகத்தான் இருக்கும். வந்த திருத்தத்தை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் பழைய குறிப்பை அழிக்காமல், அதன் கீழே தேதியிட்டுச் சேர்த்துவிடுங்கள். அதே படத்துக்கு மூன்றாவது ஆள் வந்து முதலாமவர் சொன்னதையே சொல்வது அடிக்கடி நடக்கும்.